உண்ண மறுக்கும் பிள்ளையும் தோட்டத்துச் சோற்றின் வரலாறும்



இரவு ஏழரை மணி. வேலைக்குப் போய் வந்த அம்மா, வந்த கையோடு துணி துவைத்து, சோறாக்கி, குழம்பு வைத்து, கீரையும் கடைந்து வைத்திருக்கிறார். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. ஐந்து வயதுப் பிள்ளை தட்டைப் பார்க்கிறது. கீரையை ஒரு விரலால் ஓரத்துக்குத் தள்ளுகிறது. "எனக்கு வேணாம்" என்கிறது.

"ஒரு வாய் வாங்கிக்கோ சாமி" என்று அம்மா கெஞ்சுகிறார். பிள்ளை உதட்டை இறுக மூடிக்கொள்கிறது. அப்பா அதட்டுகிறார். பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "சோத்த அப்படித் தள்ளாத. அது லட்சுமி. எங்கம்மா ஜப்பான்காரன் காலத்துல கெழங்கத் தின்னு உசுரு பொழச்சவங்க" என்கிறார். "விடுங்க அத்தை, மத்தியானமும் ஒண்ணும் சாப்பிடல" என்று மருமகள் சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிடுகிறது. கடைசியில் என்ன நடக்கிறது? பொட்டல மீ ஒன்றைப் பிரித்து வெந்நீரில் போட்டு, கைப்பேசியில் ஒரு படத்தையும் காட்டி, எப்படியோ பிள்ளையின் வயிறு நிரப்பப்படுகிறது. கீரை சட்டியிலேயே கிடக்கிறது. பாட்டி பேசாமல் படுக்கப் போய்விடுகிறார்.

தோட்டத்தில் இன்றும் வாழ்வோர் வீட்டிலும், தோட்டத்தை விட்டு வெளியேறிப் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளில் குடியேறியோர் வீட்டிலும் இந்தக் காட்சியை நாம் காண்கிறோம். பிள்ளையின் பிடிவாதம் என்று ஒரு சொல்லில் இதை முடித்துவிடலாம். ஆனால் சற்று நின்று பார்த்தால், அந்தத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் நால்வர் மட்டுமல்லர் என்பது விளங்கும். மூன்று தலைமுறைப் பசியும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே, பிள்ளையை எப்படி உண்ண வைப்பது என்று கேட்பதற்கு முன், நம்முடைய சோற்றுத் தட்டு எந்த வழியாக வந்தது என்பதை இன்று சற்றே காண்போம்.

நம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பலேறியபோது தட்டில் தெரிவு என்ற ஒன்று இருந்ததில்லை. முதலில் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் வந்தார்கள். ரப்பர் பெருகியபின் கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்து அழைத்து வந்தார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறையில் ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்தியது. இந்தக் காலம் முழுவதும் லயத்து அடுப்பில் இருந்தவை ஏறத்தாழ ஒன்றே: அரிசி, பருப்பு, மிளகாய், புளி, உப்பு, கருவாடு, கொஞ்சம் தேங்காய். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். அதற்குமுன் பசியாறப் பழைய சோறோ கஞ்சியோதான். தாயும் தந்தையும் மரம் வெட்டப் போய்விட, கைப்பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் கிடந்தன. அங்கே ஊற்றுவதைக் குடித்தன. "எனக்கு இது பிடிக்காது" என்று சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு வாயிருந்தும் வழியில்லை.

ஆனாலும், ஒரே ஒரு காரியத்தில் நம் மக்கள் அன்றே பிடிவாதம் பிடித்தார்கள். அது புழுங்கல் அரிசி. பச்சரிசிச் சோறு அவர்களுக்கு ஒத்துவரவில்லை. ஊரில் உண்டு பழகிய புழுங்கலரிசியையே இங்கும் கேட்டார்கள். நெல்லை அவித்து, உலர்த்தி, பிறகு குத்தி எடுக்கும் அரிசி அது. பழுப்பு நிறம், தனி வாடை. பிறருக்கு அது பிடிப்பதில்லை. வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசி கிடைக்கும்போது இந்தப் பழுப்பரிசியைக் கேட்பானேன் என்று வியந்தவர்கள் இருந்திருப்பார்கள்.

அந்தப் பிடிவாதத்தின் பொருள் சில ஆண்டுகளில் வெளிப்பட்டது. அக்காலத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் கொடிய நோய் இருந்தது. கால் வீங்கி, நடை தளர்ந்து, நெஞ்சு அடைத்து ஆட்கள் இறந்தார்கள். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் பெருமளவில் மாண்டனர். தமிழ்த் தொழிலாளரிடமோ அந்நோய் அரிதாகவே கண்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர் உண்பது தீட்டிய வெள்ளை அரிசி, தமிழர் உண்பது புழுங்கலரிசி. வேறுபாடு இதில்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி, 1907-இல் ஒரு நூலே எழுதினார். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் கருதியது பிழை. ஆனால் அரிசியைச் சுட்டிக்காட்டியது சரி.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர் 1905-இன் இறுதியில் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். வெள்ளை அரிசி உண்டவரிடையே பெரிபெரி பரவியது, சிலர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவரிடையே அது பரவவில்லை. அடுத்து, பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் நெகிரி செம்பிலானில் சாலை போடும் வேலையில் இருந்த ஜாவானியத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரைக் கொண்டு ஆராய்ந்து, 1909-இல் முடிவை வெளியிட்டனர். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்துதான் உயிரைக் காக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். பின்னாளில் அதற்குத் தயமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் பெயர் வந்தது. நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து உமி, தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதனால் குத்திய பிறகும் அது முழுவதும் போய்விடுவதில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டன்மார் சத்துக் கணக்குப் பார்த்துப் புழுங்கலரிசி கேட்டவர்கள் அல்லர். வாய்ப்பழக்கம் கேட்டது, அந்தப் பழக்கம் அவர்கள் உயிரைக் காத்தது. இதிலிருந்து நாம் பெற வேண்டிய முதற்பாடம் ஒன்று உண்டு. ஒருவர் ஒன்றை வேண்டாம் என்றும் வேறொன்றை வேண்டும் என்றும் சொன்னால், உடனே அதைத் திமிர் என்று எண்ணிவிடலாகாது. நாவின் பழக்கம் மிக இளமையிலேயே அமைகிறது. அதை அமைப்பது, அந்த வீட்டுக்குள் அன்றாடம் வந்து சேரும் உணவு. நல்லது வந்து பழகினால் அது காக்கும். அல்லாதது வந்து பழகினால் என்ன ஆகும்? அதற்கும் மலாயா வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

அந்தச் சான்று டின் பால். தாய் வேலைக்காட்டில் நிற்கும்போது பிள்ளைக்குப் பாலூட்ட வழியில்லை. இனிப்புக் கலந்து குறுக்கிய டின் பால் கடைகளில் வந்தது. கெடாமல் இருந்தது, தண்ணீரில் கரைத்தால் போதும், பிள்ளையும் ஆசையாய்க் குடித்தது. சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் அப்போது சிங்கப்பூரில் பணியாற்றிக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரை நாட்டில் குழந்தைகளின் புரதக்குறை நோயை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துக்காட்டியவர் அவர். தாய்ப்பால் இருக்க வேண்டிய இடத்தில் சர்க்கரை மிகுந்த டின் பாலைக் கொடுத்ததனால் சிசுக்கள் சத்தின்றி மடிவதை அவர் இங்கே கண்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரிச் சங்கத்தில் பேசியபோது, தம் பேச்சுக்குப் "பாலும் கொலையும்" என்றே தலைப்பிட்டார். அவ்வளவு கடுமையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

டின் பால் தொட்டிலோடு நிற்கவில்லை. தேநீரிலும் கோப்பியிலும் கலந்து அது நம் வீடுகளில் நிலைபெற்றது. உடல் உழைத்துக் களைத்தவருக்கு அந்த இனிப்புத் தேநீர் ஒரு தெம்பு; அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் இனிப்பை விரும்புவது குழந்தையின் பிறவிக்குணம். கசப்பையும் புளிப்பையும் அது மெல்லப் பழகித்தான் ஏற்கும். மாலை ஆறு மணிக்கு ஒரு குவளை இனிப்புத் தேநீரும் நான்கு பிஸ்கட்டும் உள்ளே போன பிள்ளைக்கு, ஏழரை மணிக்குக் கீரைச் சோற்றின்மேல் என்ன ஆசை இருக்கும்? பசியில்லாப் பிள்ளையை நாம் பிடிவாதக்காரன் என்கிறோம்.

நேயர்களே, இனி நாம் பாட்டியின் பேச்சுக்கு வருவோம். "சோத்த மீத்தாத" என்ற கட்டளை எங்கே பிறந்தது?

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தாபாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்தே வாங்கிவந்தது. ரப்பரை விற்று அரிசியை வாங்கிய நாடு இது. கப்பல் நின்றது, அரிசியும் நின்றது. ரப்பரை வாங்க ஆளில்லை; கூலியும் நின்றது. லயத்தைச் சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் கொத்தி மரவள்ளிக் கிழங்கு நட்டார்கள். காலையில் கிழங்கு, பகலில் கிழங்கு, இரவிலும் கிழங்கு. மரவள்ளியின் இலையையும் வேகவைத்து உண்டார்கள். கிழங்கு வயிற்றை நிரப்பும். ஆனால் சதையையும் இரத்தத்தையும் வளர்க்கும் சத்து அதில் மிகக் குறைவு. காலில் ஆறாத புண்ணோடும், உடம்பில் சாக்குத் துணியோடும் ஒரு தலைமுறை நடமாடியது.

இதனிடையே தோட்டங்களிலிருந்து ஆண்கள் பல்லாயிரவர் சயாம் - பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. காலராவும் மலேரியாவும் பட்டினியும் கொண்டுபோனவர்கள் எத்தனையோ பேர். திரும்பாதவர்களின் வீடுகளில் பெண்களே கிழங்கைத் தோண்டி, பங்கிட்டு, பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். யாருக்கு எத்தனை துண்டு என்று எண்ணிக் கொடுத்த கைகள் அவை. அந்தக் கைகளிலிருந்துதான் "மீத்தாத" என்ற சொல் வந்தது. அதைக் கண்டிப்பு என்று மட்டும் எண்ணலாகாது; அதன் உள்ளே இருப்பது அச்சம். இன்று உண்ணாமல் தள்ளினால் நாளை இது இருக்குமோ இருக்காதோ என்ற அச்சம்.

போர் 1945-இல் முடிந்தது. பசி அன்றே முடிந்துவிடவில்லை. அரிசிக்குப் பங்கீட்டு முறை தொடர்ந்தது. 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் படையினருக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. தோட்ட மக்கள் வேலிக்குள் குடியமர்த்தப்பட்டனர். கட்டுப்பாடு கடுமையாக இருந்த பகுதிகளில் வேலைக்காட்டுக்குச் சோறு எடுத்துப் போகவும் தடை இருந்தது. வாசலில் சோதனை. கடையில் வாங்கும் டின் உணவைத் துளையிட்டே கொடுத்தார்கள், சேமித்து வைக்க முடியாதபடி. சில இடங்களில் வீட்டில் அரிசியே வைத்திருக்கக்கூடாது. பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கிய சோற்றைத்தான் வாங்கிவர வேண்டும். விடியுமுன் கஞ்சியைக் குடித்துவிட்டுப் பகல் முழுவதும் வெறும் வயிற்றோடு மரம் வெட்டி, திரும்பிவந்து உண்டவர்கள் நம் பெற்றோர், பாட்டன் பாட்டியர். அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிவுற்றது.

கூட்டிப் பாருங்கள். 1942 முதல் 1960 வரை 18 ஆண்டுகள். அவ்வளவு காலமும் நம் அடுப்பில் எத்தனை படி அரிசி வேக வேண்டும் என்பதை நம்மைவிடப் பிறரே அதிகம் தீர்மானித்தார்கள். அந்த ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த ஒருவர், தட்டில் தள்ளிய சோற்றைக் கண்டு பதறுவதில் வியப்பில்லை. ஆகவே மருமகளுக்கு நாம் சொல்வது: அத்தை ஏசுவது உங்கள் சமையலையும் அன்று, வளர்ப்பையும் அன்று. பேரப்பிள்ளைக்கு நாம் சொல்வது: பாட்டி கோபக்காரர் அல்லர், அவர் தம் தாயின் பசியைப் பார்த்தவர்.

பிறகு காலம் மாறியது. 1957-இல் நாடு விடுதலை பெற்றது. 1954-இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிக்காகவும் வசதிக்காகவும் பேச்சு நடத்தியது. 1979-இல் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குத் துணை உணவுத் திட்டம் தொடங்கியது. 1983-இல் பள்ளிப் பால் திட்டம் வந்தது. ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் பல தோட்டங்கள் மறைய, மக்கள் பட்டணத்தை நோக்கி நகர்ந்தனர். வீட்டருகே கடை, கடையில் வண்ணப் பொட்டலங்கள். வரலாற்றில் முதன்முறையாக நம் பிள்ளை ஒன்றை ஒதுக்கிவிட்டு மற்றொன்றைக் கேட்கும் நிலைமை பிறந்தது. "வேண்டாம்" என்று ஒரு பிள்ளை சொல்ல முடிகிறது என்றால், அடுத்த வேளைக்கும் உணவு உண்டு என்று அது நம்புகிறது என்பதே பொருள். அந்த நம்பிக்கை அதற்குச் சும்மா வரவில்லை. மூன்று தலைமுறை வியர்வை அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் நம்முடைய முறை மட்டும் மாறவில்லை. பஞ்ச காலத்துக் கட்டளையைப் பொட்டலக் காலத்துத் தட்டின்மேல் சுமத்துகிறோம். கட்டாயப்படுத்துகிறோம், தோற்றால், இனிப்பைக் காட்டிக் கெஞ்சுகிறோம். இவ்விரண்டுமே பயன்தருவதில்லை என்பதை அறிஞர் சோதித்தே காட்டியிருக்கிறார்கள்.

கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1926-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். தாய்ப்பால் மட்டுமே உண்டுவந்த குழந்தைகள் 15 பேரை, ஆறு மாதம் முதல் பதினொரு மாதம் வரை வயதானவர்களை, பல ஆண்டுகள் அவர் கவனித்தார். இறைச்சி, மீன், முட்டை, தானியம், காய், பழம், பால் என்று எளிய உணவுகளைச் சிறு கிண்ணங்களில் அவர்கள் முன் வைத்தார்கள். யாரும் ஊட்டவில்லை, இதைத் தின்னு, அதைத் தின்னு என்று சொல்லவுமில்லை. குழந்தை எதைச் சுட்டிக்காட்டுகிறதோ அதைத்தான் தாதி எடுத்துக் கொடுக்கலாம். ஒரு வேளை ஒன்றை நிறைய உண்டும், மறு வேளை அதைத் தொடாமலும் அவர்கள் விசித்திரமாகத்தான் உண்டார்கள். ஆனால் எல்லாரும் நன்றாக வளர்ந்தார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. அதை டேவிஸ் அம்மையாரே 1939-இல் எடுத்துரைத்தார். அந்தத் தட்டில் சர்க்கரைப் பண்டம் எதுவும் வைக்கப்படவில்லை. வைத்தவை அனைத்தும் நல்லுணவு. ஆகவே குழந்தை எதை எடுத்தாலும் கேடில்லை. பெரியவர்களின் வேலை தட்டில் என்ன வைப்பது என்பதில் முடிந்துவிட்டது.

1980-களில் லீயன் பர்ச் என்ற உளவியல் அறிஞர் சிறு பிள்ளைகளிடம் தொடர்ந்து சோதனைகள் செய்தார். புதிய உணவைப் பலமுறை, பத்துமுறைகூட, சிறிது சிறிதாகச் சுவைக்கக் கொடுத்தால் பிள்ளைகள் அதை விரும்பத் தொடங்குகிறார்கள் என்று கண்டார். "இதைக் குடித்தால் அது தருவேன்" என்று பரிசு காட்டிக் கொடுத்த பானத்தைப் பிள்ளைகள் பிறகு முன்னைவிடக் குறைவாகவே விரும்பினார்கள் என்பதையும் கண்டார். தட்டைக் காலி செய்தாயா என்றே கேட்டுப் பழக்கிய பிள்ளைகள், தங்கள் வயிறு நிறைந்ததா என்பதைக் கவனிக்கத் தவறினார்கள். எல்லின் சாட்டர் என்ற உணவியலாளர் இவற்றையொட்டி எளிய பங்கீடு ஒன்றைச் சொன்னார்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு, எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு.

இதை நம் வீட்டுக்கு ஏற்றாற்போல் எப்படிச் செய்வது? சிலவற்றைப் பார்ப்போம்.

முதலில், பிள்ளையின் வயிற்றை நம் வயிற்றால் அளக்கக்கூடாது. முதல் ஆண்டில் குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப்போல் மூன்று மடங்காகிறது. அதன்பின் வளர்ச்சி மெதுவாகும், பசியும் குறையும். இரண்டு வயது முதல் ஐந்தாறு வயது வரை புதிய உணவைக் கண்டால் அஞ்சுவது பிள்ளைகளின் இயல்பு. ஆகவே இரண்டு கரண்டி சோறும் ஒரு சிறு கரண்டி கீரையும் வைத்தால் போதும். கேட்டால் மறுபடி வைக்கலாம். இப்படிச் செய்தால் சோறு மீந்து வீணாவதும் குறையும். பாட்டியின் மனக்குறையும் தீரும். பிள்ளையின் மறுப்புக்கும் இடமிருக்கும்.

அடுத்து, நேரம். காலையில் பசியாறுவதற்கு ஒரு நேரம், பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. இடையே சிறு உணவுக்கு ஒன்றிரண்டு நேரம். இவற்றுக்கு நடுவே தண்ணீர் போதும். இரவுச் சோற்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே இனிப்புத் தேநீரையும் பிஸ்கட்டையும் நிறுத்திவிட்டால், பசி தானே நமக்குத் துணைக்கு வரும். பசியைப்போல் நல்ல குழம்பு வேறில்லை.

மூன்றாவது, பழகிய ஒன்றோடு பழகாத ஒன்றை வைப்பது. பிள்ளை விரும்பும் பருப்புச் சோறு தட்டில் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு துளி முருங்கைக்கீரை இருக்கட்டும். உண்ணாவிட்டால் ஏச வேண்டாம். இரண்டு நாள் கழித்து மறுபடி வையுங்கள். மூன்று முறை ஒதுக்கியதை "இவனுக்கு இது ஆகாது" என்று முடிவுகட்டி நிறுத்திவிடுவதுதான் நாம் செய்யும் பெரும்பிழை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா?

நான்காவது, எல்லாருக்கும் ஒரே சமையல். உழைத்துக் களைத்த தாய் ஒரு பிள்ளைக்காகத் தனியே அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. ஒதுக்கிய சோற்றுக்குப் பதில் மீ கிடைக்கும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், நாளையும் அந்தப் பிள்ளை ஒதுக்கவே செய்யும். ஒரு வேளை குறைவாக உண்டதனால் நலமான பிள்ளைக்குக் கேடு வந்துவிடாது. அடுத்த வேளை அது ஈடுகட்டிக்கொள்ளும். கைப்பேசியும் தொலைக்காட்சியும் அந்த அரைமணி நேரம் ஓய்வெடுக்கட்டும். அப்பாவும் அதே கீரையை அதே தட்டில் விரும்பி உண்ணட்டும். அதைவிட நல்ல பாடம் பிள்ளைக்கு இல்லை.

ஐந்தாவது, மண். தோட்டத்துச் சட்டங்கள் ஒருகாலத்தில் தொழிலாளிக்குக் காய்கறி போட ஒரு துண்டு நிலம் ஒதுக்கச் சொன்னதுண்டு. லயத்துப் பின்புறக் கொல்லையில் வளர்ந்த வெண்டையும் கத்தரியும் முருங்கையும் நம்மில் எத்தனை பேரை வளர்த்தன! அடுக்குமாடி வீட்டிலும் ஒரு பழைய வாளியில் கீரை விதைக்கலாம். தான் தண்ணீர் ஊற்றி, தான் பறித்துக் கொடுத்த கீரையைப் பிள்ளை ஒரு வாயாவது சுவைத்துப் பார்க்கும்.

எல்லா மறுப்பும் பழக்கத்தால் வருவதன்று. எடை ஏறாமல் நிற்பது, முகம் வெளிறிப்போவது, விழுங்கும்போது திணறுவது, அடிக்கடி வாந்தி எடுப்பது, நாளெல்லாம் பாலை மட்டுமே குடித்துவிட்டுச் சோற்றைத் தொடாமலிருப்பது ஆகியவை கண்டால் காலம் தாழ்த்தாமல் மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சொத்தைப் பல்லும் வயிற்றுப் பூச்சியும் இரத்தச் சோகையும்கூடப் பசியைக் கெடுக்கும். 2019-இல் நம் நாட்டில் எடுத்த தேசிய உடல்நல ஆய்வு, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று காட்டியது. ஆகவே வளர்ச்சி அட்டையைப் பார்க்காமல், "எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான்" என்று இருந்துவிடலாகாது.

இறுதியாக, பாட்டிக்கு ஒரு வேண்டுகோள். "நாங்க இது கெடைக்காம கெடந்தவங்க" என்று ஏசும்போது சொன்னால், பிள்ளையின் காதில் அது ஏறாது. அதையே வேறொரு நாள், சாப்பாட்டு நேரம் இல்லாதபோது, மடியில் உட்கார வைத்துக் கதையாகச் சொல்லுங்கள். ஒரு நாள் மரவள்ளிக் கிழங்கை அவித்து, தேங்காய்ப் பூவும் கொஞ்சம் உப்பும் தூவி, எல்லாருமாக உண்ணுங்கள். "எங்கம்மா இதைத் தின்னுதான் எங்களக் காப்பாத்துனாங்க" என்று சொல்லுங்கள். சோற்றின் மதிப்பை அச்சத்தால் புகுத்துவதைவிட அன்பால் புகுத்துவது எளிது. அப்படிக் கேட்டு வளரும் பிள்ளை ஒரு பருக்கையையும் அலட்சியமாகத் தள்ளாது.

நம் முன்னோர் தட்டில் இருந்ததை உண்டார்கள், வேறு வழியில்லை. நம் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. அந்த வழியில் நல்லதை வைப்பது நம் கடமை. பசித்து வந்து, அமைதியாக உட்கார்ந்து, போதும் என்று தானே சொல்லி எழுவது அவர்கள் உரிமை. இன்று இரவு நம் வீட்டுத் தட்டில் கொஞ்சமாகச் சோறு வைப்போம். பக்கத்தில் நாமும் உட்காருவோம்.